கௌரவப் பட்டியலில் ஒரு நர்ஸின் பெயர்: தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் சிற்றூர்த் தேவாலயம், பழைய பள்ளிக்கூடம், ஊர் மண்டபம் என்று எதற்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து போனவர்களின் பெயர்கள். ரோல் ஆஃப் ஹானர், அதாவது கௌரவப் பட்டியல். ஆண்களின் பெயர்களுக்கு நடுவே சில சமயம் 'நர்ஸ்' என்றோ 'சிஸ்டர்' என்றோ ஒரு பெண்ணின் பெயர் வரும். சிப்பாய்களைப் பற்றி ஊரில் யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. நவம்பரில் வரும் போர் நினைவு நாளையொட்டிய பிள்ளையின் பள்ளி வேலைக்காகவோ, குடியேறிய ஊரின் வரலாற்றுக் குழுவுக்காகவோ அவரைத் தேடத் தொடங்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

பட்டியலில் பெயர் இருக்கிறது. அப்படியானால் அவர் போரில் இறந்தவர்தானே?

அந்த முடிவுக்கு உடனே வந்துவிடாதீர்கள். ஊர்ப் பட்டியல்கள் இரண்டு வகை. மாண்டவர்களை மட்டும் எழுதியது ஒன்று. போருக்குப் போன எல்லாரையும் எழுதியது இன்னொன்று. இரண்டாவது வகையில் இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவையோ நட்சத்திரமோ இருக்கும், அல்லது அவர்கள் தனிப் பத்தியில் இருப்பார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே ஞாயிறு பிரார்த்தனையில் வாசிப்பதற்காக எழுதித் தொங்கவிட்ட பட்டியல்களும் உண்டு. அவற்றில் இருப்பவருக்கு அப்புறம் என்ன ஆனது என்பது பட்டியலை எழுதியவருக்கே தெரியாது.

போருக்குப் போன நர்ஸுகளில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள். எனவே பலகை முழுவதையும் படம் எடுங்கள். தலைப்பு வரி, அடியில் உள்ள குறிப்பு, ஆண்டு எதையும் விடாதீர்கள். இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் போர் நினைவுச் சின்னப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. அதில் உங்கள் ஊர்ப் பலகை எந்த வகை, எப்போது திறக்கப்பட்டது என்ற விவரம் பல சமயம் கிடைத்துவிடும்.

பலகையில் 'நர்ஸ் இ. டெய்லர்' என்பதைப் போல ஒரு முதலெழுத்தும் குடும்பப் பெயரும்தான் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

ஊரிலேயே தொடங்குங்கள். லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுபெட்டியில் 'டெய்லர்' என்று தட்டினால் டெய்லர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதில் உங்கள் ஆள் யார் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. முதலில் முழுப்பெயரும் தோராயமான பிறந்த ஆண்டும் வேண்டும்.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊரில் டெய்லர் குடும்பங்கள் எத்தனை, அவற்றில் 'இ' என்று தொடங்கும் பெண்கள் யார் என்று பாருங்கள். எலிசபெத், எடித், எமிலி, எல்லன் எல்லாம் வருவார்கள். பயிற்சி பெற்ற நர்ஸாக இருந்தால் 1911-இல் அவர் வீட்டில் இருந்திருக்க மாட்டார் என்பதையும் மறக்க வேண்டாம். மருத்துவமனையில் தங்கி வேலை செய்தவர்களை அந்த மருத்துவமனையின் கணக்கிலேயே எழுதினார்கள். ஆகவே வசித்த இடத்தை விட்டுவிட்டு, பிறந்த இடமாக உங்கள் ஊரைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். நூறு மைல் தள்ளி ஒரு மருத்துவமனையில் அகப்படக்கூடும்.

அடுத்தது உள்ளூர்ச் செய்தித்தாள். என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள இடம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற கட்டணத் தளத்தில் ஏராளமான ஊர்ப் பத்திரிகைகள் இருக்கின்றன. 'தபால்காரர் டெய்லரின் இரண்டாவது மகள் பிரான்ஸுக்குப் புறப்பட்டார்' என்பது மாதிரி ஒரு வரி கிடைத்தால் போதும், தேடல் பாதி முடிந்த மாதிரி. தேவாலயத்தின் மாத இதழும், பலகை வைப்பதற்காகக் கூடிப் பேசிய ஊர்க் குழுவின் கூட்டக் குறிப்புகளும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். யார் பெயரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அந்தக் குழுக்களில் நடந்த வாக்குவாதங்கள் தனிச் சுவை. அங்கே போய் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது.

'நர்ஸ்' என்றால் ராணுவ நர்ஸ்தானே? எந்த ஆவணத்தில் பார்ப்பது?

தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அன்றைய ஊர்வழக்கில் வெள்ளை ஏப்ரன் கட்டிய எல்லாருமே நர்ஸ். ஆனால் ஆவணங்கள் அமைப்புவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று தெரியாமல் தேடினால், இருக்கிற கோப்பும் கண்ணில் படாது.

ராணுவத்தின் நிரந்தர நர்ஸிங் பிரிவு, 1902-இல் தொடங்கிய குயின் அலெக்ஸாண்ட்ராஸ் இம்பீரியல் மிலிட்டரி நர்ஸிங் சர்வீஸ். போர் தொடங்கியபோது அதில் சில நூறு பேர்தான் இருந்தார்கள். போருக்காக ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் அதன் ரிசர்வ் பிரிவில் இருந்தார்கள். 1908-இல் உருவான டெரிட்டோரியல் ஃபோர்ஸ் நர்ஸிங் சர்வீஸ் இன்னொன்று; சாதாரண நாளில் தங்கள் மருத்துவமனையில் வேலை, போர் வந்தால் அழைப்பு. இவர்கள் எல்லாரும் முறையாகப் பயிற்சி முடித்தவர்கள், பொதுவாக மூன்று ஆண்டுப் பயிற்சி. கடற்படைக்குத் தனி நர்ஸிங் பிரிவு இருந்தது; 1918-இல் விமானப்படைக்கும் ஒன்று வந்தது.

இவர்களைவிட எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டம் வி.ஏ.டி. எனப்பட்ட தன்னார்வ உதவிப் பிரிவினர். 1909-இல் தொடங்கிய திட்டம் இது. போரின்போது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அமைப்பும் கூட்டாக நடத்தின. முதலுதவியும் வீட்டு நர்ஸிங்கும் படித்துத் தேர்வு எழுதிய பெண்கள். நர்ஸிங் மட்டுமல்லாமல் சமையல், துணி துவைப்பு, வண்டி ஓட்டுதல், கணக்கு எழுதுதல் எல்லாம் செய்தார்கள். பலர் தங்கள் ஊரிலேயே, பெரிய மாளிகையிலோ பள்ளியிலோ நடந்த துணை மருத்துவமனையில் பகுதி நேரம் வேலை செய்தவர்கள். சிற்றூர்ப் பலகையில் உள்ள 'நர்ஸ்' வி.ஏ.டி.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

இவற்றில் எதிலும் அடங்காதவர்களும் உண்டு. டாக்டர் எல்ஸி இங்லிஸ் தொடங்கிய ஸ்காட்டிஷ் பெண்கள் மருத்துவமனைகள் செர்பியா, பிரான்ஸ், ரஷ்யா என்று போயின. பெண் மருத்துவர்களின் உதவி வேண்டாம் என்று பிரிட்டிஷ் போர்த்துறை சொன்னதால் அவை நேச நாடுகளின் படைகளுக்கு வேலை செய்தன. அங்கே போன நர்ஸைப் பிரிட்டிஷ் ராணுவக் கோப்பில் தேடினால் கிடைக்க மாட்டார். அந்த அமைப்பின் ஆவணங்களில் பெரும்பகுதி கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில் இருக்கிறது. சீமாட்டிகள் தங்கள் செலவில் நடத்திய தனியார் மருத்துவமனைகளும் இப்படித்தான். எடித் கேவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915 அக்டோபர் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்ற அவர்தான் அந்தப் போரின் மிகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் நர்ஸ். அவர் ராணுவ நர்ஸே இல்லை. அங்கே ஒரு நர்ஸிங் பள்ளியை நடத்திவந்தவர்.

ராணுவ நர்ஸ் என்று உறுதியாகிவிட்டது. அவருடைய கோப்பு கிடைக்குமா?

கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 399 (டபிள்யூ.ஓ. என்றால் போர்த்துறை) என்ற வரிசையில் 15,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளின் கோப்புகள் இருக்கின்றன. நிரந்தரப் பிரிவு, ரிசர்வ், டெரிட்டோரியல் மூன்றும் அதில் அடக்கம். ஸ்கேன் செய்திருப்பதால் வீட்டிலிருந்தே தரவிறக்கலாம். சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940-இல் குண்டுவீச்சுத் தீயில் எரிந்துபோனது. அதை நினைத்தால் நர்ஸைத் தேடுகிறவர் அதிர்ஷ்டசாலிதான்.

கோப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு நான்கைந்து தாள்கள், சிலருக்கு ஒரு கட்டு. விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதி, தந்தையின் தொழில், படித்த பள்ளி, பயிற்சி பெற்ற மருத்துவமனை, நற்சான்று கொடுத்தவர்கள் என்று எல்லாம் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி என்பதால் சிலர் இரண்டு மூன்று வயதைக் குறைத்துச் சொன்னார்கள். பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேட்ரன்கள், அதாவது தலைமை நர்ஸுகள், எழுதிய ரகசிய அறிக்கைகளும் அதில் இருக்கும். 'வேலையில் கெட்டி, ஆனால் சாதுரியம் போதாது' என்கிற ரீதியில் இரக்கமில்லாமல் எழுதியிருப்பார்கள். படிக்கச் சுவாரசியமாக இருக்கும்; ஆனால் அது நாள் முழுதும் நின்று களைத்த ஒரு மேலதிகாரி, தனக்குக் கீழே இருந்தவரைப் பற்றிச் சொன்னது. அதை மட்டும் வைத்து அந்தப் பெண்ணின் குணத்தை எழுதிவிடக் கூடாது. உடல்நலக் குழுவின் அறிக்கைகள், ஓய்வூதியம் கேட்டு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றில்தான் அவருடைய சொந்தக் குரல் கேட்கும்.

திருமணம் செய்துகொண்டால் பொதுவாகப் பணியிலிருந்து விலக வேண்டும். எனவே கோப்பு திடீரென்று நின்றால், அதே தேதியை ஒட்டித் திருமணப் பதிவைத் தேடிப் பாருங்கள்.

வி.ஏ.டி.யில் இருந்தவர் என்றால்?

செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆள்விவர அட்டைகள் 2,44,000 வரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர், வீட்டு முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலை செய்த இடம், செய்த வேலை, பகுதி நேரமானால் மொத்த மணிநேரம். முகவரி இருப்பதுதான் இதன் பெரிய பலம், 'இ. டெய்லர்' பலர் வந்தாலும் உங்கள் ஊர்க்காரரைப் பிரித்துவிடலாம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று அட்டைகள் இருப்பதும் உண்டு, முன்னும் பின்னும் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். செயின்ட் ஜான் பிரிவில் சேர்ந்த சிலருக்கு இங்கே அட்டை இருக்காது.

பதக்க அட்டை எதுவும் இல்லையே. பணியே செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. போர்ப் பதக்கங்கள் வெளிநாட்டுக் களத்துக்குப் போனவர்களுக்கானவை. லீட்ஸிலோ மான்செஸ்டரிலோ நான்கு ஆண்டுகள் ராப்பகலாக வேலை செய்த நர்ஸுக்கும் அவை கிடைக்கவில்லை. போனவர்களின் அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 372 வரிசையில் இருக்கின்றன, பெண்களுடையது 23-ஆம் பகுதி. அட்டையில் எந்தக் களத்துக்கு எப்போது முதலில் போனார் என்பதும் சில சமயம் இருக்கும். 1914 ஸ்டார் பதக்கம் இருந்தால், அந்த ஆண்டு நவம்பர் 22-க்குள் பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ இருந்தவர் என்று பொருள்.

ராயல் ரெட் கிராஸ் என்பது வேறு. 1883-இல் விக்டோரியா அரசி ஏற்படுத்திய, நர்ஸுகளுக்கான விருது அது. 1915-இல் இரண்டாம் வகுப்பும் சேர்ந்தது. உள்நாட்டில் வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தார்கள். லண்டன் கெசட் அரசிதழில் பெயர் வந்திருக்கும், இலவசமாகத் தேடலாம். 1916-இலிருந்து மிலிட்டரி மெடல் என்ற வீரப்பதக்கத்தையும் பெண்கள் பெற முடிந்தது.

அவர் வேலை செய்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

கோப்பிலோ அட்டையிலோ மருத்துவமனையின் எண் கிடைத்தால் முடியும். முன்னணிக்குப் பக்கத்தில் இருந்த கேஷுவல்ட்டி கிளியரிங் ஸ்டேஷன்கள் (காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்து பின்னால் அனுப்பிய மருத்துவ நிலையங்கள்), கடலோரத்துப் பெரிய மருத்துவமனைகள், மருத்துவ ரயில்கள், கப்பல்கள் எல்லாவற்றுக்கும் போர் நாட்குறிப்பு எழுதினார்கள். அவை டபிள்யூ.ஓ. 95 வரிசையில் உள்ளன. நர்ஸுகளின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும். ஆனால் எந்த நாளில் எத்தனை காயம்பட்டவர்கள் வந்தார்கள், எப்போது குண்டு விழுந்தது, எப்போது இடம் மாறினார்கள் என்பது தெரியும்.

பெயர்கள் வேண்டுமானால் மாட் மெக்கார்த்தியின் நாட்குறிப்பைப் பாருங்கள். சிட்னியில் பிறந்த இவர் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இருந்த பிரிட்டிஷ் படையின் தலைமை மேட்ரன். யார் எங்கே மாற்றப்பட்டார், யாருக்குக் காய்ச்சல், யாருடைய தந்தை சாகக் கிடப்பதால் விடுப்பு என்று போர் முழுக்க எழுதிவைத்திருக்கிறார். இதுவும் டபிள்யூ.ஓ. 95-லேயே இருக்கிறது. உங்கள் நர்ஸின் பெயர் ஒரு வரியில் வந்தாலும் அது பெரிய லாபம்.

இறந்தவர் என்று தெரிந்தால் எங்கெல்லாம் பார்க்கலாம்?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் முதலில் பாருங்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். நல்ல எடுத்துக்காட்டு நெல்லி ஸ்பிண்ட்லர். யார்க்ஷயரின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ். 1917 ஆகஸ்ட் 21 அன்று பெல்ஜியத்தின் பிராண்ட்ஹூக்கில் 44-ஆம் கிளியரிங் ஸ்டேஷன்மீது எறிகணை விழுந்து இறந்தார். லைசென்தூக் கல்லறையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே அவருடைய கல் இருக்கிறது.

ஆனால் எறிகணையால் இறந்த நர்ஸுகள் குறைவு. நோய்தான் அதிகம் கொன்றது: 1915-இல் செர்பியாவில் டைபஸ், 1918-இல் இன்ஃப்ளுயன்ஸா, காசநோய், நிமோனியா. அடுத்து கடல். 1917 ஏப்ரல் 10 அன்று பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்துக்கு வெளியே கண்ணிவெடியில் சிக்கிய 'சால்டா' மருத்துவக் கப்பலில் நர்ஸுகளும் மூழ்கினார்கள்; அந்த ஊரின் செயின்ட் மேரி கல்லறையில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் ஐந்து சகோதரிகள் ஜன்னல் என்ற பழம்பெரும் கண்ணாடி ஜன்னலை 1925-இல் பழுதுபார்த்து, போரில் உயிரிழந்த பேரரசின் பெண்களுக்கு அர்ப்பணித்தார்கள். பக்கத்தில் உள்ள ஓக் மரத் தடுப்புகளில் 1,400-க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள். ஸ்காட்லாந்துக்காரர் என்றால் எடின்பரோ கோட்டையில் உள்ள தேசியப் போர் நினைவகத்தின் பட்டியல்.

படம் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். இறந்த பெண்களின் படங்களைக் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதி வாங்கிச் சேர்த்தது இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பெண்கள் பணிக் குழு. அந்தத் தொகுப்பில் தேடுங்கள். போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு கொடுத்த வெண்கலத் தட்டு அந்தக் குடும்பத்தில் இன்னும் இருக்கக்கூடும். பத்து லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்ட அந்தத் தட்டுகளில் பெண்களின் பெயரில் கொடுக்கப்பட்டவை சுமார் 600.

போரில் இறந்தார் என்கிறார்கள், ஆனால் ஆணையத்தின் பட்டியலில் இல்லை. ஏன்?

செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பில் இருந்தவர் என்றால், பணியில் இருக்கும்போது இறந்தது மட்டும் போதாது. அந்தப் பணியால் இறந்தார் என்று காட்ட வேண்டும். ஊரில் துணை மருத்துவமனையில் வேலை செய்து, வீட்டில் இன்ஃப்ளுயன்ஸாவில் இறந்தவரை அந்தக் காலத்தில் யாரும் பதிவுக்கு அனுப்பாமல் விட்டிருக்கலாம். விடுபட்டவர்களைச் சேர்க்க ஆணையம் இன்றும் விண்ணப்பம் வாங்குகிறது. இறப்புச் சான்றிதழும் பணிக்கான ஆதாரமும் வேண்டும். இறப்புக்குக் காரணம் என்று சான்றிதழில் எழுதியிருப்பதைப் பொறுத்தே முடிவு அமையும் என்பதால், மற்றதற்கு அலைவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

உயிரோடு திரும்பியவரின் பிற்கால வாழ்க்கையை எப்படித் தொடர்வது?

1919-இல் நர்ஸுகள் பதிவுச் சட்டம் வந்தது, 1921 முதல் பதிவேடு. தொழிலில் நீடித்தவரானால் முகவரியோடும் பயிற்சி விவரத்தோடும் அதில் இருப்பார். 1921 ஜூன் 19 கணக்கெடுப்பும், 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடும் இணையத்தில் உள்ளன. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்துவிட்டது, அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம். திருமணம் ஆகாதவர் என்றால் உயில் பதிவு அட்டவணை கைகொடுக்கும்: கடைசி முகவரி, இறந்த நாள், சொத்தைப் பெற்றவர் பெயர். அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு தம்பி மகனோ அக்கா மகளோ.

அங்கிருந்து இன்றைய குடும்பத்தைக் கண்டுபிடித்தால், முதல் கடிதத்திலேயே கோப்பில் படித்த எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். மனநோய், குடி, முறிந்த நிச்சயதார்த்தம் போன்றவை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் ஊர்ப் பலகை இரண்டாம் உலகப் போருடையது. இதே வழிதானா?

ஊர், செய்தித்தாள், ஆணையம் வரை இதே வழி. ஆணையத்தின் கணக்கில் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதற்கப்புறம் பாதை பிரிகிறது. டபிள்யூ.ஓ. 399 இதற்கு உதவாது. பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்த ராணுவப் பணி ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிவருகின்றன. இப்போது யாரிடம் விண்ணப்பிப்பது என்று காப்பகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சொந்த நாட்டு மருத்துவமனையிலேயே குண்டுவீச்சில் இறந்த நர்ஸுகள் இந்தப் போரில் உண்டு. அவர்கள் ஆணையத்தின் பொதுமக்கள் பட்டியலில் இருப்பார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அந்தப் பெயர்கள் தொகுதி தொகுதியாக வைக்கப்பட்டுள்ளன. கிழக்கே வந்து மாண்டவர்களும் உண்டு. 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' கப்பலை மாலத்தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள், பெரும்பாலும் நர்ஸுகள்.

எந்தப் பிரிட்டிஷ் ஆவணத்திலும் அவர் இல்லை. இனி?

வெளிநாட்டுப் படையில் சேர்ந்திருக்கலாம். போருக்கு முன் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடிபெயர்ந்த மகளையும் ஊர் தன் பலகையில் எழுதிக்கொண்டது. ஆஸ்திரேலிய, கனடியக் காப்பகங்கள் முதல் போர்க் கோப்புகளை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. இந்தியாவில் பிரிட்டிஷ் படைக்கென்று இருந்த தனி நர்ஸிங் பிரிவின் ஆவணங்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பு. பெரிய மருத்துவமனைகளின் பயிற்சிப் பதிவேடுகளையும் பாருங்கள். லண்டன் ஹாஸ்பிட்டலின் பதிவேடுகளில் ஒவ்வொருவரைப் பற்றியும் மேட்ரனின் குறிப்பு இருக்கிறது. பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றியும் தேடுங்கள். பலகையை எழுதிய தச்சர் காதால் கேட்டதை எழுதியிருக்கலாம்.

குடும்ப மரத் தளங்களில் யாரோ அவரைச் சேர்த்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக வேண்டாம். ஒரே பெயருடைய இரண்டு பெண்களை ஒருவராக ஒட்டியிருப்பது அங்கே சர்வசாதாரணம்.

கண்டுபிடித்ததை எங்கே கொடுப்பது?

பலகை இருக்கும் தேவாலயத்துக்கோ பள்ளிக்கோ ஒரு பிரதி, மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று. பலகையே போர் நினைவுச் சின்னப் பதிவேட்டில் இல்லை என்றால் படத்தோடு அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். ஒவ்வொரு தகவலும் எந்தக் கோப்பில், எந்த எண்ணில் கிடைத்தது என்பதைப் பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள். தேதி தெரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விடுங்கள். அடுத்து தேடுகிறவர் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்.